பாக்கெட்ல ஒரு பொட்டலம் கஞ்சா வெச்சிருந்தா ஜெயிலா? நம்ம டெல்டா எம்.எல்.ஏ.க்களுக்கு மனு குடுக்கலாம்னு ஒரு யோசனை

குடமுருட்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தலைப்ப பாத்ததும் அடிக்க வந்துறாதீங்க, முழுசா படிச்சிட்டு திட்டுங்க. கஞ்சாவுக்கு கடை தொறக்கச் சொல்லி நான் கேக்கல, விக்கிறவன வெளிய விடச் சொல்லியும் கேக்கல. சொந்தத்துக்கு கொஞ்சம் வெச்சிருந்து மாட்டுன பையன கிரிமினல் ஆக்காதீங்கங்கிறதுதான் விஷயம். அதுக்கு தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நாலு மாவட்டத்துலயும் இருக்கிற 18 எம்.எல்.ஏ.க்களுக்கும் ஒரே மனுவா குடுக்கலாமான்னு கேக்கத்தான் இத எழுதுறேன்.

நான் வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா, இந்த கேஸ் கட்டுங்கள தூக்கிட்டு அலையறவன். சட்டப்படி கஞ்சா ஒரு கிலோ வரைக்கும் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவு. 1985ல வந்த போதைப்பொருள் சட்டம் (என்.டி.பி.எஸ்.) 20வது பிரிவுல சிறிய அளவுக்கு ஒரு வருஷம் வரைக்கும் கடுங்காவல், இல்லன்னா பத்தாயிரம் வரைக்கும் ஃபைன், இல்லன்னா ரெண்டும். 2014க்கு முன்னாடி ஆறு மாசமா இருந்தத ஏத்திட்டாங்க. அஞ்சு கிராம் வெச்சிருந்த காலேஜ் பையனும் தொள்ளாயிரம் கிராம் வெச்சிருந்த ஆளும் ஒரே பிரிவுதான்.

கேக்க சின்ன தண்டனையாத்தான் இருக்கும். ஆனா நம்ம ஊருக்கு பெரிய தண்டனை பாஸ்போர்ட்டுதாங்க. தெருவுக்கு நாலு வீடாவது சிங்கப்பூர், துபாய், குவைத்துன்னு ஓடிட்டு இருக்கு, வயல்ல வர்றத வெச்சு யாரும் வீடு கட்டல, மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தாலும் தொறக்காட்டாலும் பையன வெளிநாட்டுக்கு அனுப்புனாத்தான் தங்கச்சி கல்யாணம் நடக்கும்ங்கிற நெலமை. கோர்ட்ல கிரிமினல் கேஸ் நிலுவையில இருந்தா பாஸ்போர்ட் சட்டம் 6வது பிரிவு படி பாஸ்போர்ட்ட மறுக்கலாம். கோர்ட்ல மனு போட்டு அனுமதி வாங்கிட்டு போனா கொஞ்ச காலத்துக்கு, பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு தருவாங்க. ரெண்டு வருஷ அக்ரிமெண்டுக்கு ஒரு வருஷ பாஸ்போர்ட்ட வெச்சுக்கிட்டு எந்த ஏஜெண்ட்டுகிட்ட போய் நிக்கிறது?

அதனால என்ன நடக்குதுன்னா, லேப் ரிப்போர்ட்டு வரல, சாட்சி ஏட்டு வேற ஸ்டேஷனுக்கு மாறிட்டாருன்னு வாய்தா மேல வாய்தா வாங்கி சலிச்சுப்போன அப்பா, வக்கீல் சார் சீக்கிரம் முடிச்சு விடுங்கன்னு அழுவாரு. பையன் கூண்டுல ஏறி குத்தத்த ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுவான். நிலுவை போயிரும், பாஸ்போர்ட்டு வந்துரும். ஆனா தண்டனை பெற்றவன்னு பேர் நின்னுருது. அப்பறம் வொர்க் பாஸ் ஃபாரத்துல எந்த நாட்டுலயாவது குற்றவாளின்னு தீர்ப்பு ஆயிருக்கான்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அங்க போயி மாட்டிக்குவான்.

இன்னொண்ணு நெறைய பேருக்கு தெரியாது. முதல் தடவை சின்ன தப்பு பண்ணுனவன எச்சரிச்சு நன்னடத்தையில விடுறதுக்குன்னு பொதுவா ஒரு சட்டம் இருக்கு. இந்த போதைப்பொருள் சட்டத்தோட 33வது பிரிவு அதயும் தடுத்து வெச்சிருக்கு. 18 வயசுக்கு கீழ இருந்தாலோ, வெறும் கஞ்சா குடிச்ச கேஸ்னு 27வது பிரிவுல போட்டாலோதான் அந்த சலுகை. 19 வயசு பையன் பாக்கெட்ல இருந்து எடுத்தா 20வது பிரிவு, சலுகை கெடையாது. அடிதடியில மண்டைய ஒடச்சவனுக்குக்கூட சில கேஸ்ல அது கெடைக்கும்!

கருத்து சொல்லுங்க. திட்டுறவங்களும் காரணத்தோட திட்டுங்க.

—

மன்னை மைனர் எழுதியது:

அண்ணே நல்ல எண்ணந்தான், ஆனா இது டெல்லி சட்டம். நம்ம எம்.எல்.ஏ.கிட்ட குடுத்தா மனுவ வாங்கிட்டு ஃபோட்டோ புடிச்சிட்டு அனுப்பிருவாரு. தெரு வெளக்குக்கே மூணு தடவ மனு குடுத்தாச்சு எங்க ஊர்ல.

—

வெண்ணாறு எழுதியது:

மைனர், டெல்லி சட்டம்னா சட்டமன்றம் கைய கட்டிக்கிட்டு உக்காரணும்னு இல்ல. மருந்து, நஞ்சு ரெண்டும் அரசியல் சட்டத்துல பொதுப்பட்டியல்ல 19வதா இருக்கு. பொதுப்பட்டியல் விஷயத்துல மத்திய சட்டத்துக்கு மாநிலம் திருத்தம் கொண்டு வரலாம், 254வது பிரிவு படி ஜனாதிபதி ஒப்புதல் குடுத்தா அந்த மாநிலத்துக்குள்ள அது செல்லும்.

நம்ம கண்ணு முன்னாடியே நடந்துச்சே, ஜல்லிக்கட்டு. 1960 மிருகவதை தடுப்புச் சட்டம் யாரோடது? மத்திய அரசோடதுதான். 2017 ஜனவரில மெரினாவுல கூட்டம் கூடுனப்பறம் நம்ம சட்டமன்றம் அதுக்கு தமிழ்நாட்டுக்குன்னு திருத்தம் போட்டுச்சு, ஜனாதிபதி ஒப்புதலும் வந்துச்சு, 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிருச்சு. மாட்டுக்கு முடிஞ்சது மனுசனுக்கு முடியாதா.

—

மன்னை மைனர் எழுதியது:

அதே வழியில போன நீட் மசோதா என்னாச்சுண்ணே? 2021ல ஒரு தடவ, 2022ல மறுபடியும் நெறவேத்தி அனுப்புனாங்க, ஒப்புதல் இல்லன்னு திரும்பி வந்துச்சு. மாட்டுக்கு பின்னாடி மெரினா இருந்துச்சு, கஞ்சாவுக்கு பின்னாடி எவன் வந்து நிப்பான், நின்னா வீட்டுக்கு தெரிஞ்சிரும்ல 😄

—

பாபநாசம் டீச்சர் எழுதியது:

தம்பி குடமுருட்டி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். பாஸ்போர்ட்டு விஷயம் நெஜம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நான் இதுக்கு கையெழுத்து போட மாட்டேன், ஏன்னும் சொல்லிடறேன்.

நான் ஹைஸ்கூல் டீச்சர். ஒம்பதாவது பையன் ஒதட்டுக்குள்ள கூல் லிப்னு ஒரு புகையிலப் பொட்டலத்த வெச்சுக்கிட்டு பாடம் கேக்குறான். கேட்டா மிட்டாய்ங்கறான். அதுக்கும் தமிழ்நாட்டுல தடை இருக்கு, கடையில கெடைக்குது. தடை இருக்குற பொருளே இப்படி கெடைக்கும்போது கஞ்சாவுக்கு ஜெயில் இல்லன்னு பேப்பர்ல ஒரு வரி வந்தா போதும், இந்தப் பசங்க அத எப்படி புரிஞ்சுக்குவாங்கன்னு எனக்கு நல்லா தெரியும். "மிஸ், அது இப்ப லீகல் மிஸ்"னு என்கிட்டயே சொல்லுவானுங்க. குற்றம் இல்லங்கிறதுக்கும் அனுமதி உண்டுங்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்த 14 வயசு பையனுக்கு யாரு போயி வெளக்குறது? நீங்க வந்து வெளக்குவீங்களா?

பயம் பெரிய தடுப்புங்க. எல்லாப் பசங்களும் பாத்து கத்துக்கிட்டு திருந்துற ரகம் இல்ல. போலீஸ்னா ஒரு பயம் இருக்கு, அதுதான் பாதிப் பேர நிறுத்தி வெச்சிருக்கு. அதயும் எடுத்துட்டா எங்க கையில என்ன இருக்கு.

—

வார்டு சிஸ்டர் எழுதியது:

டீச்சரக்கா பயத்த பத்தி சொன்னதால நான் பாக்குறத சொல்றேன். மனநல வார்டுல டூட்டி பாக்குறேன், எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம்.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன், கஞ்சா ஒண்ணும் பண்ணாது, அது மூலிகைன்னு சொல்றவங்க எங்க வார்டுல ஒரு ராத்திரி உக்காந்து பாக்கணும். 18, 20 வயசு பசங்க, யாரோ பேசுறாங்க, யாரோ கொல்ல வர்றாங்கன்னு கத்திக்கிட்டு வருவாங்க. எல்லாருக்கும் அப்படி ஆகாது, ஆனா சின்ன வயசுலயே ஆரம்பிச்சு தெனம் இழுக்குறவங்களுக்கு, குடும்பத்துல யாருக்காச்சும் மனநோய் இருந்தவங்களுக்கு அந்த அபாயம் ரொம்ப அதிகம்.

இப்ப பயத்துக்கு வர்றேன். பையன கூட்டிட்டு வர்ற அம்மா என்ன சொல்லுவாங்க தெரியுமா? காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு சொல்லுவாங்க, காதல் தோல்வின்னு சொல்லுவாங்க, பரீட்சைல ஃபெயில்னு சொல்லுவாங்க. கஞ்சான்னு மட்டும் வாயே தொறக்க மாட்டாங்க. டாக்டர் எத்தனை தடவ கேட்டாலும் இல்லங்க சார் எம்புள்ள அப்படி இல்லங்க சார்தான். சொன்னா போலீஸுக்கு போயிரும்னு நெனப்பு. பாதி வைத்தியம் அங்கயே கெடுது. ஏற்கனவே மந்திரிச்சு, கயிறு கட்டி, ஏதோ ஒரு கோயில்ல ரெண்டு மாசம் வெச்சிருந்துட்டுத்தான் எங்ககிட்ட வர்றாங்க.

இந்த சட்டத்துலயே 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. அடிமையானவன் சிறிய அளவு கேஸ்லயோ குடிச்ச கேஸ்லயோ மாட்டுனா, அவனா முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற எடத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா வழக்கு கெடையாது, சிகிச்சைய முழுசா முடிக்கலன்னா அந்தப் பாதுகாப்பு போயிரும். எத்தன அம்மாவுக்கு இது தெரியும்? எத்தன ஸ்டேஷன்ல இத சொல்றாங்க? என் சர்வீஸ்ல ஸ்டேஷன்ல இருந்து இந்தப் பிரிவ சொல்லி ஒரு பையன அனுப்பி நான் பாத்ததில்ல.

இன்னொரு விஷயம் டீச்சரக்கா, கஞ்சாவுக்கு கெடுபிடி ஏறுனா பசங்க பாலுக்கு மாறல, வலி மாத்திரைக்கு மாறுறாங்க. மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்கி, பொடிச்சு தண்ணில கலக்கி ஊசில ஏத்திக்கிறானுங்க, ஒரே ஊசிய நாலு பேரு. கை பூரா சீழ் புடிச்சு வர்றான். மஞ்சக்காமாலை, ஹெச்.ஐ.வி. டெஸ்டு எடுக்கணும். அதுக்கு கஞ்சாவே பரவால்லன்னு நெனக்கிற அளவுக்கு இருக்கு.

—

மன்னை மைனர் எழுதியது:

சிஸ்டர், சாராயத்த விட்டுட்டீங்க.

—

வார்டு சிஸ்டர் எழுதியது:

விடல தம்பி, அது தனிக் கதை. ஆண்கள் மெடிக்கல் வார்டுல வயிறு வீங்கி படுத்திருக்கிறது பூரா டாஸ்மாக் கேஸ்தான். எய்ம்ஸ் டாக்டர்கள் மத்திய அரசுக்காக எடுத்த சர்வே 2019ல வந்துச்சு, அதுல நாடு முழுக்க குடிக்கிறவங்க 16 கோடி, கஞ்சா, பாங், சரஸ் எல்லாம் சேத்து 3 கோடிச் சொச்சம். அரசாங்கமே கடை வெச்சு விக்கிற பொருளுக்கு வார்டு, விக்காத பொருளுக்கு லாக்கப்.

—

மன்னை மைனர் எழுதியது:

அத சொல்லுங்க. வருஷத்துக்கு 45,000 கோடிக்கு மேல வருமானம் வருதுல்ல, அதான் அது குத்தம் இல்ல. கள்ளக்குறிச்சில 2024ல அறுபது பேருக்கு மேல செத்தாங்க, பத்து நாள் பேசுனோம், மறந்தாச்சு.

—

ரிட்டயர்டு ஏட்டு எழுதியது:

காவல்துறையில 30 வருஷம் இருந்தவன்கிற முறையில ரெண்டு வார்த்தை. இங்க எல்லாரும் போலீஸ்காரன் வேணும்னே சின்னப் பையன புடிச்சு உள்ள தள்ளுறான்னு பேசுறீங்க. மேல இருந்து கேட்டா கணக்கு காட்டணும். 2021 டிசம்பர்ல கஞ்சா வேட்டைன்னு ஆரம்பிச்சாங்க, அடுத்து 2.0, அதுக்கும் அடுத்ததுன்னு வந்துச்சு. ஸ்டேஷனுக்கு எத்தன கேஸுன்னு தினம் மைக்ல கேப்பாங்க. ஆந்திரா ஒடிசா எல்லையில இருந்து ரயில்லயும் லாரியிலயும் மூட்டையா கொண்டு வர்றவன புடிக்க ஆளு வேணும், தகவல் வேணும், வண்டி வேணும். பாலத்துக்கு கீழ உக்காந்திருக்கிற பையன புடிக்க ஒரு ஏட்டும் ஒரு டூவீலரும் போதும். நான் நியாயப்படுத்தல, நடக்குறத சொல்றேன்.

ஆனா குடமுருட்டி தம்பி, உங்க மனுவுல பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. சிறிய அளவு குத்தம் இல்லன்னு எழுதுனீங்கன்னா ஒரு கிலோ வரைக்கும் குத்தம் இல்லன்னு ஆயிரும். ஒரு கிலோ சொந்தத்துக்கு எவன் வெச்சிருப்பான்? பொட்டலம் போட்டா நூறு பொட்டலம் வரும். விக்கிறவனுக்கு இந்த கணக்கு நம்மள விட நல்லா தெரியும், தொள்ளாயிரத்து அம்பதுக்கு மேல கையில வெச்சுக்கவே மாட்டான். நீங்க பையன காப்பாத்தப் போயி வியாபாரிக்கு லைசென்ஸ் குடுத்துட்டு வருவீங்க.

ரெண்டாவது, பையன் மாட்டுனாத்தான் யாருகிட்ட வாங்குனான்னு தெரியும். கேஸே இல்லன்னா அவன் எதுக்கு வாயத் தொறக்கணும்?

—

குடமுருட்டி எழுதியது:

ஏட்டய்யா, முதல் விஷயம் ரொம்ப சரி. ஒரு கிலோவ அப்படியே வெக்கச் சொல்லி கேக்கப் போறதில்ல. கிராம் கணக்குல தனி வரம்பு கேக்கணும். போர்ச்சுகல்ல 2001ல இருந்து சொந்த உபயோகத்துக்கு பத்து நாள் அளவு வரைக்கும் கிரிமினல் கேஸ் கெடையாது, கஞ்சாவுக்கு அது 25 கிராம். கேஸுக்கு பதிலா ஒரு குழு முன்னாடி போயி நிக்கணும், சட்டம் தெரிஞ்சவங்க, டாக்டர், சோஷியல் ஒர்க்கர்னு இருப்பாங்க, அடிமையா இருந்தா சிகிச்சைக்கு அனுப்புவாங்க, இல்லன்னா ஃபைனோ எச்சரிக்கையோ. பொருள பறிமுதல் பண்ணிருவாங்க, அது அங்கயும் அனுமதி இல்லாத பொருள்தான். ஜெர்மனில 2024 ஏப்ரல்ல இருந்து வெளிய 25 கிராம்னு வெச்சிருக்காங்க, ஆனா அது இன்னும் ஒரு படி மேல, வீட்லயே மூணு செடி வளக்கலாம்னு போயிட்டாங்க. நான் அந்த அளவுக்கு கேக்கல.

ரெண்டாவது சொன்னீங்கள்ல, பையன் வாயத் தொறப்பான்னு. 2020 அக்டோபர்ல தோபான் சிங் வழக்குல, அது நம்ம தமிழ்நாடு அரசு எதிர்த்தரப்பா இருந்த வழக்குதான், இந்த சட்டத்துல விசாரணை அதிகாரி முன்னாடி குடுக்குற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. பையன் சொன்ன பேர வெச்சு மட்டும் பெரிய ஆள தண்டிக்க முடியாது. எங்க கட்டுங்கள்ல நான் பாக்குற வரைக்கும் பையனோட கேஸ் பையனோடயே முடிஞ்சிருது, சப்ளை பண்ணவன் பேரு எஃப்.ஐ.ஆர்.ல "அடையாளம் தெரியாத நபர்"னு இருக்கும்.

—

கோடியக்கரை காத்து எழுதியது:

எல்லாரும் 10 கிராம் 20 கிராம்னு பேசிட்டு இருக்கீங்க, எங்க பக்கம் மூட்டை கணக்கு. வேதாரண்யம், கோடியக்கரை, ஆறுகாட்டுத்துறை கடலோரம் பூரா இலங்கைக்கு போற சரக்குதான். அங்க போயி அதுக்கு கேரளா கஞ்சான்னு பேரு. சில நேரம் கோஸ்ட் கார்ட பாத்து கடல்ல தள்ளிட்டு போயிருவானுங்க, மூட்டை கரை ஒதுங்கும், ஒதுங்குன மூட்டைய மொதல்ல பாக்குறவன் பாவம், அவனத்தான் நாள் பூரா விசாரிப்பாங்க.

படகு ஓட்டுறவனுக்கு ஒரு நடைக்கு கூலி, அவ்வளவுதான். மீன் இல்லாத சீசன்ல, 61 நாள் தடைக்காலத்துல கையில காசு இல்லாதவனா பாத்து வலை வீசுவானுங்க. மாட்டுனா வணிக அளவு, பத்துல இருந்து இருவது வருஷம், 37வது பிரிவால ஜாமீனும் லேசுல கெடையாது. மொதலாளி யாருன்னு அவனுக்கே தெரியாது. உங்க மனுவுல எங்காளுங்களுக்கு ஏதாச்சும் இருக்கா?

—

குடமுருட்டி எழுதியது:

இல்லண்ணே, உண்மைய சொல்லணும்னா இந்த மனுவுல இல்ல. கடத்தலயும் இதுக்குள்ள கொண்டு வந்தா எம்.எல்.ஏ. முதல் பக்கத்தோட மூடி வெச்சிருவாரு. கூலிக்கு மூட்டை தூக்குறவனுக்கும் மொதலாளிக்கும் ஒரே தண்டனைங்கிறது தனியா பேச வேண்டியது, நீங்க ஒரு இழை ஆரம்பிங்க, நான் வந்து எழுதுறேன்.

—

தேக்கா தம்பி எழுதியது:

சிங்கப்பூர்ல இருந்து எழுதுறேன், சொந்த ஊரு பட்டுக்கோட்டை பக்கம். இங்க 500 கிராமுக்கு மேல கஞ்சா கடத்துனா தூக்கு. 2023 ஏப்ரல்ல நம்ம தமிழ் வம்சாவளி ஆளு ஒருத்தர ஒரு கிலோவுக்கு கொஞ்சம் மேல கடத்த உடந்தைன்னு தூக்குல போட்டாங்க, உலகம் பூரா வேணாம்னு கேட்டுச்சு, கேக்கல. ஊர்ல சிறிய அளவுன்னு சொல்ற ஒரு கிலோவுக்கு இங்க உயிரு போயிரும். 15 கிராமுக்கு மேல கையில இருந்தாலே விக்கத்தான் வெச்சிருக்கன்னு சட்டம் எடுத்துக்கும், இல்லன்னு நாமதான் நிரூபிக்கணும்.

நான் என்ன சொல்றேன்னா இங்க ஊரு சுத்தமா இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு பொண்ணுங்க தனியா நடந்து போகுதுங்க. கடுமையா இருக்கணும்ங்க. ஊர்ல சட்டம் கடுமையா இல்லாததாலதான் இந்த நெலமை.

—

வெண்ணாறு எழுதியது:

தேக்கா தம்பி, ஊர்ல சட்டம் கடுமையா இல்லன்னு யாரு சொன்னா? வணிக அளவு கேஸ்ல ஏற்கனவே தண்டனை வாங்குனவன் அதவிட ரொம்பப் பெரிய அளவோட மறுபடியும் மாட்டுனா தூக்கு வரைக்கும் குடுக்கலாம்னு நம்ம சட்டத்துல 31ஏன்னு ஒரு பிரிவே இருக்கு. குண்டாஸ் சட்டம் (1982) பாருங்க, அதுல போதைப்பொருள் குற்றவாளின்னு தனி வகையே இருக்கு, கோர்ட்டு தீர்ப்பே இல்லாம ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வெக்கலாம். சிங்கப்பூர் சுத்தமா இருக்கிறதுக்கு தூக்கு மட்டும் காரணம்னா நம்ம ஊரும் கொஞ்சமாச்சும் சுத்தமாகியிருக்கணுமே. அங்க லஞ்சம் குடுக்க முடியாது, இங்க முடியும், அத மறந்துட்டு தூக்க மட்டும் எறக்குமதி பண்ண நெனச்சா எப்படி.

அப்பறம் யாரு மாட்டுறாங்கன்னும் பாக்கணும். தனியார் காலேஜ் ஹாஸ்டல்ல கார்ல வர்ற பையன் மாட்டுனா கரஸ்பாண்டெண்ட் போன் பண்ணுவாரு, அப்பா வருவாரு, பேசி முடிச்சிருவாங்க. காலனில இருந்து நடவு வேலைக்கும் கொத்து வேலைக்கும் போற பையன் மாட்டுனா அவனுக்கு போன் பண்ண ஆளு இல்ல. அமெரிக்காவுலயும் இதே கததான், வெள்ளக்காரனும் கறுப்பினத்தவரும் ஏறக்கொறைய ஒரே அளவுதான் கஞ்சா பிடிக்கிறாங்க, கைதாகுறதுல கறுப்பினத்தவர் மூணு மடங்குக்கு மேல. அங்க மாநில அளவுலதான் மாத்துனாங்க, 1973ல ஓரிகன் மாநிலம்தான் மொதல்ல கொஞ்சம் வெச்சிருந்தா ஜெயில் இல்ல ஃபைன்தான்னு ஆக்குச்சு. இன்னிக்கி பாதி மாநிலத்துல அனுமதியே உண்டு, வாஷிங்டன் சட்டம் மட்டும் இன்னும் தடைன்னே இருக்கு. மத்திய சட்டம்னு சொல்லி அங்க மாநிலங்க சும்மா உக்காரல.

நம்ம நாட்டுலயும் ஒண்ணும் புதுசில்ல. வெள்ளக்காரன் 1893ல ஒரு கமிஷன் போட்டு, அடுத்த வருஷம் ஏழு வால்யூம் அறிக்கை குடுத்தான், அளவோட எடுத்துக்கிட்டா பெரிய கெடுதல் இல்ல, மொத்தமா தடை பண்றது தேவையில்லன்னு. 1961 உலக ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டு 25 வருஷம் அவகாசம் வாங்கி வெச்சிருந்தோம், அது முடியப்போற நேரத்துலதான் 1985ல அவசர அவசரமா இந்த சட்டம். பாங்குக்கு (கஞ்சா எலைய அரைச்சு செய்றது) மட்டும் விதிவிலக்கு, ஏன்னா எலையும் விதையும் பூவோட சேராம இருந்தா சட்டப்படி கஞ்சா இல்ல. வடக்க ஹோலிக்கு கடையில வாங்கி குடிக்கிறான், அதே செடியோட பூ இங்க பாக்கெட்ல இருந்தா கேஸு. சித்தர்கள் கூட சிவமூலிகைன்னு

—

பாபநாசம் டீச்சர் எழுதியது:

வெண்ணாறு தம்பி, பாதில நின்னுருச்சு உங்க பதிவு, நின்னதே நல்லதாப் போச்சு. சித்தரக் கொண்டு வராதீங்க. பூரணாதி லேகியத்துல சேக்குறாங்கங்கிறதுக்கும் பாலத்துக்கு கீழ பீடில உருட்டி இழுக்குறதுக்கும் சம்பந்தம் இல்ல.

சிஸ்டர் சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா அதத்தான் ராத்திரி பூரா யோசிச்சேன். அம்மாக்கள் சொல்ல மாட்டேங்குறாங்கங்கிறது எங்க ஸ்கூல்லயும் உண்மைதான். பையன் ஒரு மாதிரி இருக்கான்னு வீட்டுக்கு சொல்லி அனுப்புனா அடுத்த நாள்ல இருந்து பையன் ஸ்கூலுக்கே வர மாட்டான், மாமா வீட்டுக்கு திருப்பூர் போயிட்டான்னு சொல்லுவாங்க. போலீஸ் வரும்னு பயந்துதான். அதனால ஒண்ணு கேக்குறேன். மனுவுல சிகிச்சைய முதல்ல எழுதுவீங்களா? ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரிலயும் வாரத்துல ஒரு நாளாவது மனநல டாக்டர் உக்காரணும், போற பையன் பேரு போலீஸுக்கு போகாதுன்னு எழுத்துல உத்தரவு வேணும், ஸ்கூல் பக்கத்துல விக்கிறவனுக்கு ஒரு சலுகையும் இருக்கக்கூடாது. இத போட்டா எதிர்க்க மாட்டேன். கையெழுத்து போடுவேனான்னு கேக்காதீங்க.

—

ரிட்டயர்டு ஏட்டு எழுதியது:

டீச்சரம்மா சொன்னதுல எனக்கும் சம்மதம். கூட ஒண்ணு சேருங்க. ஒரு வருஷ தண்டனைக்குள்ள இருக்கிற கேஸ்ல உடனே கைது பண்ணணும்னு கட்டாயம் இல்ல, ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள கேஸுக்கெல்லாம் நோட்டீஸ் குடுத்து வரச் சொல்லலாம்னு 2014லயே அர்னேஷ் குமார் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அப்ப குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 41ஏ நோட்டீஸ், இப்ப அதுக்கு பதிலா வந்த புது சட்டத்துல (பி.என்.எஸ்.எஸ்.) 35வது பிரிவு. இதுக்கு டெல்லிய கேக்க வேணாம், ஜனாதிபதிய கேக்க வேணாம், டி.ஜி.பி. ஒரு சர்க்குலர் போட்டா போதும். கஞ்சா கேஸுன்னா நோட்டீஸ் குடுக்கக்கூடாதுன்னு ஸ்டேஷன்ல ஒரு நெனப்பு இருக்கு. ஜாமீன்ல விடலாமா கூடாதாங்கிறதுலயே ஐகோர்ட்டுங்க மாத்தி மாத்தி சொல்லிருக்கு, பம்பாய் ஐகோர்ட் 2020ல இந்த சட்டத்துல எல்லாமே ஜாமீன்ல விடமுடியாத குத்தம்னுச்சு, அதான் குழப்பம். அதுக்கு எழுத்துல ஒரு தெளிவு வேணும்.

—

குடமுருட்டி எழுதியது:

எல்லாரும் சொன்னத சேத்து மாத்தி எழுதிட்டேன். மனு இப்படி போகுது, கொறை இருந்தா சொல்லுங்க:

"மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, தங்கள் தொகுதி மக்கள் எழுதிக்கொள்வது. போதைக்கு அடிமையான பிள்ளைகளுக்குத் தாலுகா மருத்துவமனைகளில் சிகிச்சை கிடைக்கவும், சிகிச்சைக்கு வருவோர் விவரம் காவல் துறைக்குப் போகாதிருக்கவும் அரசாணை வேண்டும். சொந்த உபயோகத்துக்கு 25 கிராமுக்கு உட்பட்ட கஞ்சா வைத்திருந்து முதல் முறை பிடிபடுவோரைக் கைது செய்யாமல் அறிவிப்பாணை கொடுக்கவும், 64ஏ பிரிவைக் காவல் நிலையத்திலேயே எடுத்துச் சொல்லவும், அவர்கள் மீது குண்டர் சட்டம் போடாதிருக்கவும் உத்தரவிடுமாறு சட்டமன்றத்தில் வலியுறுத்த வேண்டும். அந்த அளவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, பொருளைப் பறிமுதல் செய்வதோடும் ஆலோசனைக்கு அனுப்புவதோடும் நிறுத்த, மத்திய சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் கொண்டுவர வேண்டும். விற்போர், கடத்துவோர், பள்ளி அருகில் வைத்திருப்போர் யாருக்கும் இதில் எந்தத் தளர்வும் நாங்கள் கேட்கவில்லை."

இதுல முதல் ரெண்டும் மாநிலம் கையிலயே இருக்கு, மூணாவது நடக்க வருஷமாகும், நடக்காமலும் போகலாம். மைனர் சொன்ன மாதிரி நீட் கதி ஆனாலும் முதல் ரெண்டு நின்னாலே எங்க வராண்டாவுல பாதி கூட்டம் கொறையும். டெல்லிலயும் இந்தப் பேச்சு இல்லாம இல்ல, 2021ல மத்திய சமூக நீதி அமைச்சகமே சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிறவன ஜெயிலுக்கு அனுப்பாம சிகிச்சைக்கு அனுப்பலாம்னு பரிந்துரை பண்ணுச்சு, அப்பறம் அது எங்க போயி உக்காந்துருச்சோ.

—

தேக்கா தம்பி எழுதியது:

25 கிராம் அதிகம்ணே. பத்துன்னு போடுங்க. எனக்கு இன்னும் ஒத்துக்க முடியல, ஆனா என் சின்னம்மா பையன் பாஸ்போர்ட்டு இதே மாதிரிதான் நிக்குது, அதனால சண்டை போட மனசு வரல.

—

ரிட்டயர்டு ஏட்டு எழுதியது:

பத்தா இருவத்தஞ்சாங்கிறத எம்.எல்.ஏ. முடிவு பண்ணட்டும். ஸ்டேஷன்ல சரியா எடை போடுற தராசு இருக்கான்னு மொதல்ல கேளுங்க. காம்பு, எலை, பொட்டலப் பேப்பர் எல்லாம் சேத்து எடை போடுறதுதான் நடக்குது. எடை போடுறது பூ மட்டும்தான்னு ஒரு வரி சேருங்க.

—

குடமுருட்டி எழுதியது:

சேத்துட்டேன் ஐயா. அத நான் விட்டிருக்கவே கூடாது, ஐகோர்ட்ல இத சொல்லித்தான் பல பேருக்கு ஜாமீனே வாங்குறாங்க.

—

காரைக்கால்காரன் எழுதியது:

அண்ணே ஒரு சந்தேகம். நாங்க காரைக்கால். வாஞ்சூர் தாண்டுனா நாகை மாவட்டம், நண்டலாறு தாண்டுனா மயிலாடுதுறை மாவட்டம், நடுவுல நாங்க புதுச்சேரி. எங்க பசங்க செக்போஸ்ட்ல மாட்டுனா தமிழ்நாடு போலீஸ், ஊருக்குள்ள மாட்டுனா புதுச்சேரி போலீஸ். நாங்க யாருக்கு மனு குடுக்குறது?

—

குடமுருட்டி எழுதியது:

உங்களுக்கு புதுச்சேரி சட்டமன்றம் தம்பி, அதுல காரைக்காலுக்கு 5 எம்.எல்.ஏ. இருக்காங்க, அவங்களுக்கு குடுங்க. தமிழ்நாட்டுத் திருத்தம்னு வர்ற எடத்துல புதுச்சேரின்னு மாத்தணும், குண்டர் சட்ட வரிய எடுத்துறணும், அது நம்ம மாநிலத்து சட்டம். டி.ஜி.பி.க்கு போற பகுதியும் உங்களுக்கு தனி. ரெண்டு ஃபைலா பிரிச்சு நாளைக்கு சாயந்தரம் போடுறேன்.

—

காரைக்கால்காரன் எழுதியது:

சரிண்ணே. திருநள்ளாறு, நெடுங்காடு ரெண்டும் நான் பாத்துக்கறேன். நிரவி பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க.